குப்பையை எரித்து சிமெண்ட்: கில்னுக்குள் போவது என்ன, வெளியே வருவது என்ன?

மருதையாற்றுக்காரன்

அரியலூர் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல் லாரி, நிலக்கரி லாரி போதாதென்று இப்போது தார்ப்பாய் போட்ட இன்னொரு வகை லாரியும் ஓடுகிறது. உள்ளே பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் கவர், கந்தல் துணி, அட்டை, ரப்பர். மழை பெய்துவிட்டால் நாற்றம் தாங்காது. கேட்டால் "மாற்று எரிபொருள்" என்கிறார்கள்.

எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஆலையின் விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. போய் என்ன கேட்பது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தெருவில் ஒரு கவரைக் கொளுத்தினாலே விஷப்புகை, இவர்கள் டன் கணக்கில் கொளுத்துகிறார்களே என்பது ஒன்று. அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது, சும்மா பயப்படாதே என்பது இன்னொன்று. துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். விளம்பரமும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம்.

கில்ன்_ஷிஃப்ட்

கண்ட்ரோல் ரூமில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தெருவில் எரியும் கவரையும் சிமெண்ட் ஆலையின் சூளையான கில்னில் எரியும் கவரையும் ஒன்றாக வைத்துப் பேசவே கூடாது.

பின்னால் சிமெண்டாக அரைபடும் கிளிங்கர் கட்டி ஆவதற்கு, அரைத்த சுண்ணாம்புக்கல் மாவு 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அதற்கு மெயின் பர்னரின் தீப்பிழம்பு 2,000 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் வாயு சில விநாடிகள் தங்குகிறது. எரிப்புக்குத் தேவையான ஆக்சிஜனும் உள்ளே இருக்கிறது. தெருக் குப்பை புகைந்து புகைந்து எரிகிறது, சூடும் காற்றும் இரண்டுமே போதாது. டையாக்சின் என்ற நச்சு அங்கே பிறப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு விஷயம் சுண்ணாம்பு. உள்ளே டன் கணக்கில் சுட்ட சுண்ணாம்பு பறந்துகொண்டிருக்கிறது. குளோரின், கந்தகம் போன்ற அமில வாயுக்களை அது பிடித்துக்கொள்ளும். இதே வேலைக்குக் குப்பை எரிக்கும் இன்சினரேட்டரில் தனியாக ஸ்க்ரப்பர் என்ற வாயு கழுவும் கருவி வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் குப்பையும் மெயின் பர்னருக்குப் போவதில்லை, இதைப் பலரும் சொல்ல மாட்டார்கள். இன்றைய ஆலைகளில் மொத்த எரிபொருளில் சுமார் 60 சதவீதம், கில்னுக்கு முன்னால் மாவைச் சுடும் கால்சினரில் எரிகிறது. அங்கே வெப்பம் 850 முதல் 900 டிகிரிதான். நறுக்கிய குப்பையில் பெரும்பகுதி போவது அங்கேதான். போதுமான நேரமும் காற்றும் இருந்தால் அதுவும் நல்ல எரிப்புதான், தவறில்லை. ஆனாலும் "1,450 டிகிரி" என்று மேடையில் முழங்குகிறவரிடம் "உங்கள் ஆலையில் குப்பை நுழையும் இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கொடுங்கையூர்வாசி

சார், இதையெல்லாம் எங்கள் ஊரிலும் கேட்டுவிட்டோம். வடசென்னைக்குக் குப்பை எரி ஆலை கொண்டுவரப் பார்த்தபோது அதே "உயர் வெப்பம், முழு எரிப்பு, பயம் வேண்டாம்" பாட்டுதான். பெயரை 'இணை எரிப்பு' என்று மாற்றி அரியலூருக்குத் தள்ளிவிட்டால் சரியாகிவிடுமா? நகரத்தின் குப்பையைக் கிராமத்து மூக்குக்கு அனுப்புகிற ஏற்பாடு இது.

கில்ன்_ஷிஃப்ட்

கோபம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எரி ஆலைக்கு வேலையே குப்பையை எரிப்பதுதான். குப்பை வராவிட்டால் அடுப்பு அணைந்துவிடும், அதனால் குப்பை குறையக் கூடாது என்பதே அதன் பிழைப்பாகிவிடுகிறது. எரித்த பிறகு அடிச்சாம்பலையும் நச்சுள்ள பறக்கும் சாம்பலையும் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். சிமெண்ட் கில்ன் குப்பை வந்தாலும் வராவிட்டாலும் எரியும். குப்பை வந்தால் நிலக்கரியோ பெட்ரோலியக் கரியான பெட்கோக்கோ அந்த அளவுக்குக் குறையும். சாம்பல் கிளிங்கரோடு சேர்ந்துவிடும், தனியாகக் கொட்டுவதற்கு எதுவும் இல்லை.

கொடுங்கையூர்வாசி

"கொட்டுவதற்கு இல்லை" என்றால் எங்கே போனது? சிமெண்டுக்குள். அதாவது நம் வீட்டுச் சுவருக்குள்.

நொய்யல்கரை

இந்தக் கேள்வியை லேசாக விடாதீர்கள். நான் திருப்பூர்ப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருக்கிறேன். எங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேறு மலை மாதிரி சேர்ந்தபோது சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது பெரிய ஆறுதல். ஆனால் அதை எரிபொருள் என்று சொல்வது கொஞ்சம் கூடுதல். அதில் எரிகிற சரக்கு குறைவு, சுண்ணாம்பும் இரும்பும் உப்பும்தான் அதிகம். மூலப்பொருளுக்குப் பதில் கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

உலோகங்கள் விஷயம் இப்படி: எளிதில் ஆவியாகாத உலோகங்கள் பெரும்பாலும் கிளிங்கர் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டுவிடும். கான்கிரீட்டாக இறுகிய பிறகு கசிவு மிகக் குறைவு. அதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. பயம் குரோமியத்தில். தோல் பதனிடும் தொழிலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், ஒப்பீட்டளவில் சாது. கில்னுக்குள் காரமும் ஆக்சிஜனும் சூடும் சேர்ந்திருப்பதால் அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறனாக மாறும். அது நீரில் கரையும். கையுறை இல்லாமல் கலவை குழைக்கிற கொத்தனார், சித்தாள் கையில் வரும் தீராத அரிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டு ஆணைப்படி சிமெண்டில் நீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுக்குள் நிற்க அங்கே இரும்பு சல்பேட் கலக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சேற்றை "கில்னுக்கு அனுப்பிவிடலாம்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், முதலில் குரோமிய அளவைக் கேளுங்கள்.

கில்ன்_ஷிஃப்ட்

ஒப்புக்கொள்கிறேன். குரோமியம் சுண்ணாம்புக்கல்லிலும் இரும்புச் சேர்க்கையிலும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும், அதோடு கழிவிலிருந்து வருவதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பாதரசம் இன்னொரு தனி ரகம். அது கிளிங்கரில் நிற்காது. ஆவியாகி, தூசில் ஒட்டி, மூலப்பொருளை அரைக்கும் ரா மில் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரா மில் நின்ற நேரத்தில் புகைபோக்கி வழியாகப் போகும் அளவு கூடும். அதனால் அளவெடுக்க வருகிறவர்கள் ரா மில் ஓடும்போது மட்டும் எடுத்துவிட்டுப் போனால் படம் பாதிதான். பாதரசத்துக்கு ஒரே மருந்து, உள்ளே விடாமல் இருப்பது.

மருதையாற்றுக்காரன்

அண்ணே, கணக்கு கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு எத்தனை லாரி வரும்?

கில்ன்_ஷிஃப்ட்

சரி, கற்பனையாக ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5,000 டன் கிளிங்கர். ஒரு கிலோ கிளிங்கருக்கு 730 கிலோகலோரி வெப்பம். நன்றாக ஓடும் இந்திய ஆலை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். மொத்தம் நாளுக்கு 365 கோடி கிலோகலோரி.

இதில் 10 சதவீதத்தைக் குப்பையிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் 36.5 கோடி. கிலோவுக்கு 3,000 கிலோகலோரி தரும் ஆர்.டி.எஃப், அதாவது குப்பையிலிருந்து பிரித்த எரிபொருள், கிடைத்தால் நாளுக்கு சுமார் 122 டன் வேண்டும். லாரிக்கு 15 டன் என்றால் எட்டு லாரி. அதே வெப்பத்துக்குப் பெட்கோக் 46 டன் போதும். அதாவது மூன்று லாரி பெட்கோக் வர வேண்டிய இடத்தில் எட்டு லாரி குப்பை. போக்குவரத்தையும் கூட்டத்தில் கேளுங்கள்.

இப்போது குளோரின் கணக்கு. இதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கணக்கு. குளோரின் ஏறிய வாயுவைத் தனியே பிரித்து வெளியேற்றும் பைபாஸ் இல்லாத கில்னில் ஒரு டன் கிளிங்கருக்கு சுமார் 300 கிராம் குளோரின் வரை சமாளிக்கலாம் என்பது துறையில் புழங்கும் அளவு. 5,000 டன்னுக்கு 1,500 கிலோ. நம் 122 டன் குப்பையில் 1 சதவீதம் குளோரின் இருந்தால் அதுவே 1,220 கிலோ. மிச்சம் மீதி மூலப்பொருளிலும் நிலக்கரியிலும் வரும். ஆக, 10 சதவீதத்திலேயே கழுத்துக்கு வந்துவிட்டது. பைபாஸ் போடாமல் "அடுத்த வருடம் 30 சதவீதம்" என்று யாராவது அறிவித்தால் சந்தேகப்படுங்கள்.

நொய்யல்கரை

குளோரின் அதிகமானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பலர் அதைப் புகை விஷயமாக மட்டும் நினைக்கிறார்கள்.

கில்ன்_ஷிஃப்ட்

குளோரின் கில்னுக்குள் சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து ஆவியாகும். வாயுவோடு மேலே ஏறி, மாவை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டர் கோபுரத்தின் பக்கம் சூடு குறைந்த இடத்தில் பசை மாதிரி படியும். அதன்மேல் மாவு ஒட்டும். பாத்திரத்தில் அடிப்பிடிப்பது போலத்தான், ஆனால் பாத்திரம் பத்து மாடி உயரம். அதிலுள்ள சைக்ளோன் என்ற கூம்பு அடைத்தால் கில்னை நிறுத்தி, ஆட்கள் ஏறி, அழுத்தக் காற்றும் தண்ணீரும் வைத்து உடைக்க வேண்டும். சூடான மாவு சட்டென்று சரிந்து கொட்டினால் நிற்கிறவர் உடம்பு வெந்துபோகும். குப்பை எரிப்பில் முதல் ஆபத்து ஊருக்கு அல்ல, அந்தப் பிளாட்பாரத்தில் கம்பியோடு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு. இதை எந்தக் கையேட்டிலும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

பி.வி.சி எடையில் 57 சதவீதம் குளோரின். பழைய பைப்பு, வயர் உறை, பேனர் ஃப்ளெக்ஸ், ரெக்சின். சாப்பாட்டுக் கழிவின் உப்பும் சேர்ந்துகொள்ளும். இலையும் குழம்பும் ஒட்டிய கவர் எங்களுக்கு எதிரி.

டிராமல்

இந்த இடத்தில் நான் உள்ளே வரலாம். குப்பைமேட்டைக் கிளறிப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன், சென்னையைச் சுற்றி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

பெருங்குடியில் 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும். அந்தப் புகை பள்ளிக்கரணையைச் சுற்றி இருந்த எல்லார் வீட்டுக்குள்ளும் போனது. அதனால் "கில்னில் எரிக்காவிட்டால் எரியாது" என்று யாரும் நினைக்க வேண்டாம். குப்பைமேடு தானாகவே எரியும், வடிகட்டி இல்லாமல் எரியும்.

ஆனால் எங்களிடமிருந்து போகும் சரக்கைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய மேட்டைத் தோண்டி டிராமல் என்ற சுழலும் சல்லடையில் சலித்தால் மண் தனியாக, கல் தனியாக, பறக்கும் சரக்கு தனியாக வரும். அந்தப் பறக்கும் சரக்குதான் ஆர்.டி.எஃப் என்ற பெயரில் லாரி ஏறுகிறது. பல வருடம் மண்ணுக்குள் கிடந்த கவர். ஒவ்வொன்றிலும் மண் ஒட்டியிருக்கும். எரித்தால் வெப்பத்தை விட சாம்பல் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டினால் கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் லாரியில் போகிறது. ஆலை வாசலில் ஆய்வகம் ஈரம் பார்க்கும், பிடிக்காவிட்டால் லாரி திரும்பும். திரும்பிய லாரி எங்கே காலியாகிறது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

விதி_வாசகர்

எழுத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தொடருங்கள்.

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் சொன்னது: கிலோவுக்கு 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைக் குழியில் புதைக்கக் கூடாது. ஆர்.டி.எஃப் ஆலையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் எரிபொருள் பயன்படுத்தும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை ஆர்.டி.எஃப் கொண்டு மாற்ற வேண்டும். 2026-இல் வந்த புதிய விதிகளில் இந்த 5 சதவீதம் ஆறு ஆண்டுகளில் படிப்படியாக 15 ஆகிறது.

2018-இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் ஆர்.டி.எஃப்-க்குத் தர வரிசை போட்டது. கீழ்த்தட்டு சரக்குக்கு ஈரம் 35 சதவீதம் வரை, குளோரின் 1 சதவீதம் வரை, வெப்பம் 1,500-க்கு மேல். முதல் தரத்துக்கு ஈரம் 10, குளோரின் 0.5, வெப்பம் 4,500-க்கு மேல்.

புகைக்கு 2016 மே மாத அறிவிக்கை. இணை எரிப்பு செய்யும் சிமெண்ட் ஆலைக்குத் தூசு கனமீட்டருக்கு 30 மில்லிகிராம், ஹைட்ரஜன் குளோரைடு 10, பாதரசம் 0.05, காட்மியமும் தாலியமும் சேர்ந்து 0.05, டையாக்சின்-ஃப்யூரான் 0.1 நானோகிராம். எண்கள் ஐரோப்பாவின் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எண்ணில் குறை சொல்ல முடியாது.

கொடுங்கையூர்வாசி

எண் பக்கத்தில் இருக்கிறது. அளக்கிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

விதி_வாசகர்

அது வேறு. தூசு, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றுக்குத் தொடர் கருவி உண்டு, அந்த அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாகப் போகிறது. டையாக்சினுக்கும் உலோகங்களுக்கும் தொடர் கருவி இல்லை. ஆய்வக ஆட்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போவார்கள். வருகிற நாள் ஆலைக்குத் தெரியாமல் இருக்குமா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

புத்தளத்துக் காற்று

வணக்கம் அண்ணைமார். இலங்கையிலயிருந்து எழுதுறன். எங்கட நாட்டில சுண்ணாம்புக்கல்லில இருந்து கிளிங்கர் வரைக்கும் முழுசாச் செய்யிற சீமெந்து ஆலை புத்தளத்தில ஒண்டுதான். கைத்தொழிற்பேட்டைகளின்ர ஆபத்தான கழிவு கனக்க அங்கதான் போகுது. நாட்டில வேற பெரிய உயர்வெப்ப வசதி இல்லை, அதால அந்த ஒரு சூளைதான் எல்லாத்துக்கும்.

மின்மாற்றிகளில இருந்த பி.சி.பி எண்ட நச்சு எண்ணெயை அங்க சோதனையா எரிச்சுப் பாத்து, முடிவை 2010-இல ஆய்விதழில போட்டவை. அழிப்புத்திறன் 99.9999 வீதத்துக்கு மேல எண்டு வந்தது. அந்த எண்ணெயைக் கப்பலில ஏத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பி அழிக்கிறதெண்டால் எங்களைப் போல நாடுகளுக்குக் கட்டுபடியாகாது. ஆனபடியால் சூளையில நம்பிக்கை இல்லை எண்டு ஒரேயடியாச் சொல்ல என்னால ஏலாது. ஆனா அது நிபுணர்கள் சுத்தி நிண்டு, அளந்து அளந்து ஊத்தின எண்ணெய். தினசரி வாற கலப்படக் குப்பை அப்பிடியில்லை.

கொடுங்கையூர்வாசி

நன்றி அண்ணா. "சுற்றி நின்று அளந்து" என்றீர்களே, அதுதான் என் பிரச்சினையும். நான் படித்த இரண்டு கதையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் லெங்கரிஷ் என்ற ஊர், 1979. சிமெண்ட் ஆலையைச் சுற்றிச் செடிகள் கருகின, கால்நடைகள் பாதிக்கப்பட்டன. காரணம் தாலியம் என்ற நச்சு உலோகம். வந்தது எரிபொருளில் இருந்துகூட இல்லை, இரும்புக்காகச் சேர்த்த வறுத்த பைரைட் கழிவிலிருந்து. ஜெர்மனி என்றால் ஒழுங்கு என்று நினைக்கிறோமே, அங்கேயே நடந்தது.

இரண்டாவது ஆஸ்திரியா, கெர்ட்சிட்ஸ் பள்ளத்தாக்கு, 2014. பழைய ரசாயனக் கிடங்கிலிருந்து தோண்டிய சுண்ணாம்புச் சேற்றை ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற நச்சு. முறையாகச் செய்தால் அழியக்கூடிய பொருள்தான். ஆனால் போதிய சூடு இல்லாத இடத்தில் செலுத்தினார்கள். அழியாமல் புகையோடு போய்ப் புல்லில் இறங்கி, மாட்டுக்குள் போய், பாலில் வந்தது. பாலில் கண்டுபிடித்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அரியலூரில் யாராவது பாலைச் சோதித்திருக்கிறார்களா?

கில்ன்_ஷிஃப்ட்

ஆஸ்திரியா கதையை எங்கள் துறைக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதிய "நுழையும் இடம் எது" என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. கழிவை மூலப்பொருளோடு கலந்து ப்ரீஹீட்டர் உச்சியில் விட்டால் அது மெதுவாகச் சூடாகும். எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள் முழுதாக எரிவதற்கு முன்பே ஆவியாகி, மேலே போகும் வாயுவோடு வெளியேறிவிடும். அதே பொருளை மெயின் பர்னரில் விட்டால் மிச்சமே இருக்காது. ஒரே ஆலை, ஒரே கழிவு, சில மாடி வித்தியாசம்.

அதேபோல் கில்ன் சூடேறும் நேரம், நிற்கும் நேரம். அப்போது மாற்று எரிபொருள் போகவே கூடாது. வெப்பமோ ஆக்சிஜனோ குறைந்தால் ஃபீடர் தானாக நிற்கும்படி இன்டர்லாக் இருக்க வேண்டும். அது இருக்கிறதா, அதை முடக்கிவைக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள்.

டிராமல்

அண்ணே, உங்கள் துறைக்காரர்கள் மாற்று எரிபொருளில் ஐரோப்பா 50 சதவீதம் தாண்டிவிட்டது, ஜெர்மனி 70, ஆஸ்திரியா 80 என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். நாம் ஏன் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறோம்?

கில்ன்_ஷிஃப்ட்

2013-இல் இந்திய சிமெண்ட் துறைக்கென்று வந்த கரிமக் குறைப்புத் திட்டத்தில், 2010-இல் 0.6 சதவீதமாக இருந்த மாற்று எரிபொருள் 2030-இல் 19, 2050-இல் 25 ஆகும் என்று எழுதினார்கள். தனித்தனியாக நன்றாகச் செய்யும் ஆலைகள் உண்டு. நாட்டின் சராசரி இன்னும் அந்தப் பாதையில் பின்தங்கித்தான் ஓடுகிறது.

காரணம் இயந்திரம் இல்லை. ஷ்ரெட்டர், ஃபீடர், பெரிய கால்சினர் எல்லாம் காசு கொடுத்தால் வரும். ஜெர்மனியில் 2005 ஜூன் 1 முதல் பதப்படுத்தாத குப்பையைக் குழியில் கொட்டத் தடை. கொட்ட இடம் இல்லை என்றதும், காசு கொடுத்தாவது யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்ற நிலை வந்தது. தரம் பிரித்துக் கொடுக்கும் தொழில் தானாக வளர்ந்தது. இங்கே குப்பைமேட்டில் கொட்டுவது இன்னும் இலவசம் மாதிரிதான். ஈரக்குப்பையும் உலர்குப்பையும் ஒரே வண்டியில் போகிறவரை எனக்கு வருவது எரிபொருள் அல்ல, ஈரக் கந்தல். 35 சதவீத ஈரத்தில் 120 டன் என்றால் 42 டன் தண்ணீரை ஆவியாக்க நான் நிலக்கரி எரிக்கிறேன். புகைவாயுவை இழுக்கும் ஐ.டி. ஃபேனை நீராவி நிரப்பும், உற்பத்தி இறங்கும். ஆலை மேலாளர் முதல் வேலையாகக் குப்பை ஃபீடரை நிறுத்துவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நொய்யல்கரை

கேரளத்திலிருந்தும் மறுசுழற்சிக்கு உதவாத உலர்கழிவு தமிழ்நாட்டு சிமெண்ட் ஆலைகளுக்கு வருகிறது. இங்கே எல்லையில் குப்பை லாரி பிடிபட்டால் பெரிய செய்தி. பிடிபட வேண்டியது பிடிபடட்டும், மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் வீட்டு வாசலிலேயே பிரித்து, காயவைத்து, பேல் கட்டி, ஆவணத்தோடு ஆலைக்குப் போகும் சரக்கை அதோடு சேர்த்துத் திட்டக் கூடாது. பிரிக்காத நம் ஊர்க் குப்பையை விட அது கில்னுக்கு நல்லது.

கொடுங்கையூர்வாசி

பிரித்தால் எரிக்க என்ன மிஞ்சும்? பெட் பாட்டில், பால் கவர், அட்டை எல்லாம் காயலான் கடைக்குப் போகும். அதை நம்பிக் குடும்பங்கள் பிழைக்கின்றன. 15 சதவீதம் கட்டாயம் என்று வந்தால் ஆலைக்கு வெப்பம் வேண்டும், நல்ல பிளாஸ்டிக்கையும் சேர்த்து அள்ளிக்கொள்வார்கள் என்பதுதான் குப்பை பொறுக்குகிறவர்களின் பயம்.

டிராமல்

பெட் பாட்டிலை யாரும் கில்னில் போட மாட்டார்கள், விலை கட்டுபடியாகாது. மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை போன்ற பல அடுக்கு சரக்கு. காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அழுக்கேறிய மெல்லிய கவர், கிழிந்த துணி, தெர்மாகோல். கில்னுக்கு வர வேண்டியது அதுதான். பால் கவர் நிலைமை மட்டும் விலையைப் பொறுத்து மாறும். பழைய பிளாஸ்டிக் விலை விழுகிற மாதங்களில் எங்கள் லாரியில் நல்ல சரக்கும் ஏறிவிடுகிறது, பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் முழுக்கப் பொய்யில்லை.

மருதையாற்றுக்காரன்

இதனால் பூமி சூடாவது குறையும் என்று ஆலைக்காரர்கள் துண்டறிக்கை கொடுத்தார்கள். அது எவ்வளவு உண்மை?

கில்ன்_ஷிஃப்ட்

பாதிக்கும் குறைவான உண்மை. ஒரு டன் கிளிங்கர் செய்யும்போது சுண்ணாம்புக்கல் உடைவதாலேயே சுமார் 525 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எரிபொருளில் வருவது அதற்கு மேல் 300 கிலோ போல. நீங்கள் முழுக்க முழுக்க உமியே எரித்தாலும் அந்த 525 அசையாது. குப்பையில் காகிதம், துணி, மரம் எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் உயிர்மக் கணக்கு. பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியம், அதை எரித்தாலும் பழைய கார்பன்தான். குப்பைமேட்டில் கிடந்தால் காகிதமும் சாப்பாடும் மக்கி மீத்தேன் வரும், அது தவிர்க்கப்படுகிறது என்பது உண்மையான லாபம். கிளிங்கரையே குறைத்து, அனல்மின் நிலையப் பறக்கும் சாம்பலும் இரும்பாலைக் கசடும் சேர்க்கும் சிமெண்ட் கார்பன் கணக்கில் இதைவிடப் பெரிய காரியம் செய்கிறது. மாற்று எரிபொருளைக் குப்பைப் பிரச்சினைக்குப் பாதித் தீர்வு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். காலநிலைத் தீர்வு என்று பேனர் கட்டினால் சிரிப்பேன்.

புத்தளத்துக் காற்று

அந்த பேனரையும் ஒருநாள் சூளையிலதான் போடுவினம்.

கில்ன்_ஷிஃப்ட்

ஃப்ளெக்ஸ் என்றால் பி.வி.சி, தயவுசெய்து வேண்டாம்.

விதி_வாசகர்

மருதையாற்றுக்காரன், கூட்டத்துக்கு முன்பே சில தாள்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும், ஜூன் 1, டிசம்பர் 1. அது பொது ஆவணம். ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை வாரியத்துக்குப் போகும். இணை எரிப்புக்கு வாரியம் கொடுத்த அனுமதியில் எந்தக் கழிவு, நாளுக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே போகக் கூடாது.

மருதையாற்றுக்காரன்

எங்கள் இரண்டு கட்சியும் இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து பேசினோம். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பதா, "வேண்டும்" என்பதா என்ற சண்டையை ஓரம் வைத்துவிட்டு இதை எழுதியிருக்கிறோம்: கழிவு வாரியாக மாதாந்திர அளவும் எங்கிருந்து வந்தது என்பதும் ஆலை வாசலில் தமிழில் பலகையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகையும் எந்த இடத்தில் செலுத்தப்படுகிறது என்று சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பிய லாரிகளின் பதிவேடு வேண்டும். டையாக்சின், பாதரசம் மாதிரி எடுக்கும்போது ஊராட்சியிலிருந்து இரண்டு பேர் உடன் நிற்க வேண்டும், ரா மில் நின்றிருக்கும்போதும் ஒருமுறை எடுக்க வேண்டும். சுற்று கிராமங்களில் பாலும் மண்ணும் ஆண்டுக்கு ஒருமுறை வெளி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். சேமிப்புக் கொட்டகைக்குக் கூரையும் தீயணைப்பு ஏற்பாடும் வேண்டும். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

கிளிங்கரிலும் சிமெண்டிலும் குரோமிய அளவு. சேர்த்துவிடுங்கள்.

கில்ன்_ஷிஃப்ட்

ப்ரீஹீட்டர் அடைப்பு எத்தனை முறை, அதில் காயம்பட்டவர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. ஆலைக்கு இந்தக் கேள்வி பிடிக்காது, ஆனாலும் கேளுங்கள். குப்பையின் தரம் விழுந்தால் முதலில் தெரிவது அந்த எண்ணில்தான்.

கொடுங்கையூர்வாசி

பலகை வைப்பார்கள், எண் எழுத மாட்டார்கள். ஆனாலும் பால் சோதனையை விடாதீர்கள். அதற்கான செலவை ஆலை கட்டட்டும், ஆய்வகத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

டிராமல்

லாரிக்குத் தார்ப்பாய் மட்டும் போதாது, அடியில் ஒழுகும் கறுப்புத் தண்ணீரையும் எழுதுங்கள். மூடிய பெட்டி வண்டி கேளுங்கள்.

புதுசு_உறுப்பினர்

இழை முழுக்கப் படித்தேன். ஒரு சின்ன சந்தேகம், பழைய செருப்பு எல்லாம் கில்னில் போடலாமா? எங்கள் தெருவில் சேகரிக்கிறார்கள்.

கில்ன்_ஷிஃப்ட்

ரப்பர், இ.வி.ஏ என்றால் தாராளமாக, நல்ல வெப்பம் தரும். தோல் செருப்பு என்றால் நொய்யல்கரையிடம் அனுமதி வாங்குங்கள். பி.வி.சி சோல் என்றால் என்னிடம் கேட்காதீர்கள். மூன்றும் ஒரே மூட்டையில் வந்தால் லாரி திரும்பும்.